அத்தை குந்திய மைல்கல்

கூட்டேரிப்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, எங்கள் ஊருக்குப் பிரியும் சாலையில் நடந்தால் குளக்கரை வளைவில் ஒரு மைல்கல் இருந்தது. தலை மழுங்கி, எழுத்தெல்லாம் மழையில் கரைந்து, எந்த ஊர் எவ்வளவு தூரம் என்று யாருக்கும் சொல்லாமல் சும்மா நின்ற கல். என் சிறுவயது ஞாபகத்தில் அந்தக் கல் தனியாக இருந்ததே இல்லை. அதன்மேல் என் அத்தை, என் அப்பாவின் ஒரே தங்கை, உட்கார்ந்திருப்பாள். கூடையைக் காலடியில் இறக்கி வைத்துவிட்டு, வலது காலை நீட்டி, ஆடுதசையை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டிருப்பாள். வலிக்கிறது என்று சொல்லமாட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள். கூட வந்த பெண்கள் நின்று திரும்பிப் பார்த்தால் கையை வீசி, "நீங்க பேசிக்கினே முன்ன போங்க. நான் கொஞ்சம் குந்திட்டு வர்றேன்" என்பாள்.

அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் கேலியாகவே ஆகிவிட்டிருந்தது. வேலை சொல்லும்போது யாராவது சோம்பல் முறித்தால், "நானும் கொஞ்சம் குந்திட்டு வர்றேன்" என்று அத்தை குரலில் சொல்லிச் சிரிப்பார்கள். அவள் போன பிறகு யாரும் அதைச் சொல்வதில்லை. எனக்கு மறந்தே போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். போன வருஷம் விழுப்புரம் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலப் படிக்கட்டில், பதின்மூன்று வயதான என் மகள் பாதியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ம்மா, நீ முன்ன போ. நான் கொஞ்சம் உக்காந்துட்டு வர்றேன்" என்றாள். டவுனில் வளர்ந்த பெண், குந்துவது என்ற சொல் அவள் வாயில் வராது. மற்றபடி அதே பேச்சு. அவளுடைய இடது கை வலது ஆடுதசையைப் பிடித்திருந்தது. கீழேயும் மேலேயும் ஜனங்கள் ரயிலைப் பிடிக்க முட்டிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு எனக்கு ரயில் போனது, திண்டிவனத்தில் நான் பாடம் எடுக்கும் பள்ளிக்கும் தாமதம். ஆனால் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தவள், அவளாக எழுந்திருக்கும் வரை எழவில்லை.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டதால்தான் இத்தனையும்.

அவளைச் சோம்பேறி என்று ஊரே சொன்னது. ஆனால் சோம்பேறி செய்கிற வேலை இல்லை அவள் செய்தது. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையைப் பிடுங்கும் நாளில் காலையில் எல்லோரும் வரிசை கட்டி இறங்கினால், நாலு செடி பிடுங்குவதற்குள் அவள் கைவிரல்கள் கொக்கிபோல் மடங்கி நின்றுவிடும். வரப்பில் போய் உட்கார்ந்துவிடுவாள். மற்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வருவாள் பாருங்கள், அப்புறம் அவளை யாராலும் பிடிக்க முடியாது. வெயில் உச்சிக்கு ஏறும்போது எல்லோரையும் தாண்டி வரிசையின் மறுமுனையில் நின்றுகொண்டிருப்பாள். நடையும் அப்படியேதான். கல்லில் உட்கார்ந்து எழுந்தபின், முன்னால் போனவர்களை ஊருக்குள் நுழையும் முன்பே கடந்துவிடுவாள். "நடிப்புதான். வேலை ஆரம்பிக்கிற நேரத்துல ஒதுங்கிக்கினு, மெச்சிக்கிற நேரத்துல வந்து நிக்கிறா" என்று பேசினார்கள். என் அப்பா மட்டும் வேறு மாதிரி கேலி செய்வார். "எந்தங்கச்சி நம்ம பம்புசெட்டு டீசல் எஞ்சின் மாதிரி. காலைல எத்தினி வாட்டி சுத்தனாலும் முக்கிக்கினுதான் கெடக்கும். சூடு ஏறிட்டா நிறுத்தறதுதான் பேஜாரு." பாவம், விளையாட்டாகத்தான் சொன்னார். இத்தனை வருஷம் கழித்து ஒரு டாக்டர் எனக்கு விளக்கிச் சொன்னது ஏறக்குறைய இதைத்தான்.

அத்தையை மண்டகப்பட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். சொந்த நிலம், கிணறு, மாடுகள். வேலைக்குப் பஞ்சமில்லாத வீடு. மாமியாருக்கு இவள் வரப்பில் உட்காருவது பொறுக்கவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் உரலில் கேப்பை இடிக்க விட்டு, நிறுத்தக்கூடாது என்று பக்கத்திலேயே நின்றிருக்கிறாள். அத்தையின் இரண்டு கைகளும் உலக்கையைப் பிடித்தபடியே விறைத்துவிட்டனவாம், விரலைப் பிரிக்க ஆள் வேண்டியிருந்ததாம். மறுநாள் அவளையும் பையனையும் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். "கைகால சரி பண்ணிக்கினு வரட்டும். வேலை செய்யற மருமவதான் எங்களுக்கு வேணும்" என்று வாசலில் நின்றே சொன்னார்கள். காப்பி கூடக் குடிக்கவில்லை. பையன் அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தான். அம்மாவின் முந்தானையை விட்டுக் கை எடுக்கமாட்டான்.

அத்தைக்கு அந்த வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. புருஷன் வேறு கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறான் என்ற பேச்சு காற்றில் வந்துகொண்டிருந்தது. வேப்பெண்ணெய் தேய்த்தார்கள். மந்திரித்த கயிறு கட்டினார்கள். திண்டிவனத்தில் ஒரு டாக்டர் சத்து ஊசி போட்டார். எதற்கும் கால் கேட்கவில்லை. கடைசியில் அவளே சொன்னாள், திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிக்கிறேன் என்று. காலில் குறை உள்ளவர்கள் தீ மிதித்தால் ஆத்தா அந்தக் குறையை நெருப்பில் வாங்கிக்கொள்வாள் என்பது எங்கள் ஊரில் நம்பிக்கை. காப்புக் கட்டினாள். ஒருவேளைச் சாப்பாடு, மஞ்சள் சேலை, தரையில் படுக்கை. முகமே தெளிந்துவிட்டது. என் தலையை வாரிவிட்டுக்கொண்டே, "ஆத்தா கால விட்டுட்டான்னா நான் மண்டவப்பட்டுக்குப் போயிடுவேன். நீ லீவுக்கு அங்க வா, எங்க கெணத்துல நீச்சல் கத்துத் தர்றேன்" என்றாள்.

எங்கள் ஊர்த் தீமிதியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. குளத்தில் முழுகிக் கரையேறினால், குண்டத்தைத் தாண்டும் வரை யாரும் குந்தக்கூடாது, திரும்பிப் பார்க்கக்கூடாது. நடுவில் குந்தினால் ஆத்தா உத்தரவு கொடுக்கவில்லை என்று அர்த்தம். அந்த ஆளைக் குண்டத்தில் இறக்கமாட்டார்கள். குளத்திலிருந்து கோயில் வரை நடப்பதும் இல்லை, பம்பைச் சத்தத்துக்கு ஓட்டந்தான். இந்தக் கட்டுப்பாட்டை வைத்தவர்கள் என் அத்தையை மனதில் வைத்துக்கொண்டு வைக்கவில்லை. ஆனாலும் அவளுக்கென்றே வைத்த பொறி மாதிரிதான் இருந்தது.

தீமிதி அன்று சாயங்காலம் நானும் அம்மாவும் அத்தை மகனும் அந்த மைல்கல் பக்கத்தில் இடம் பிடித்து நின்றோம். பூங்கரகம் முன்னால் போனது. அடுத்து ஆண்கள். பிறகு பெண்கள், ஈரத் தலையும் வேப்பிலையுமாக. காலையிலிருந்து பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் வயிற்றில் இல்லாத கூட்டம் அது. அத்தை கரையேறியபோது நன்றாகத்தான் ஓடிவந்தாள். கல்லுக்குக் கொஞ்சம் முன்னால் அவள் ஓட்டம் மாறியது. வலது கால் மடங்கவில்லை. கட்டையைத் தூக்கி வைப்பதுபோல் வைத்தாள். எங்களைப் பார்க்கவில்லை, கல்லைத்தான் பார்த்தாள். கை கல்லை நோக்கி நீண்டது. "கொஞ்சம் குந்திட்டு" என்றது எனக்குக் கேட்டது. பக்கத்தில் ஓடிவந்த இரண்டு பெண்களும் எங்கள் பங்காளி வீட்டுக்காரர்கள். "இப்ப குந்தனா எல்லாம் போச்சுடி! வாடி, ஜல்தி வா!" என்று ஆளுக்கொரு பக்கம் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவளுடைய வாழ்க்கை வீணாகிவிடக் கூடாதே என்ற பதைப்பில் செய்தார்கள். அவளுடைய பாதங்கள் மண்ணில் இரண்டு கோடு கிழித்துக்கொண்டு போனதை நான் பார்த்தேன்.

குண்டத்தின் முனையில் விட்டதும் அவள் தானாகவே இறங்கி நடந்து மறுகரை ஏறினாள். பால் ஊற்றிய பள்ளத்தில் கால் வைத்து நின்றாள். பாதத்தில் ஒரு கொப்புளம் கிடையாது. ஊரே குலவையிட்டது. அம்மா அழுதுகொண்டே என்னைக் கட்டிக்கொண்டாள். அப்பா வாயைத் துண்டால் மூடிக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலையில் அத்தையால் படுக்கையிலிருந்து எழ முடியவில்லை. தொடை இரண்டும் வீங்கி, தொட்டால் மரக்கட்டை மாதிரி இருந்தன. கைத்தாங்கலாகத் தோட்டத்துப் பக்கம் கூட்டிப்போன அம்மா திரும்பி வந்து, மற்ற பெண்களிடம் குரலைத் தாழ்த்தி, ஒன்றுக்குக் கடுங்காப்பி நிறத்தில் போகிறது என்றாள். அங்கே இருந்தவர்கள் பயப்படவில்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. அவர்கள் சந்தோஷப்பட்டார்கள். "நெருப்பு மிதிச்ச சூடு எறங்குது. கால்ல இருந்த கோளாறுந்தான் கூட எறங்குது. நல்லதுக்குத்தான். எளநீ குடு, குளுகுளுன்னு எறங்கிடும்." ஆளாளுக்கு இளநீர் வெட்டிக் கொண்டுவந்தார்கள். வாசலில் மட்டைகள் குவிந்துவிட்டன. இளநீரைச் சொம்பில் ஊற்றி உள்ளே கொண்டுபோய் அம்மாவுக்குக் குடிக்கக் கொடுக்கிற வேலையை அவள் மகன் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. சொம்பு அவன் மார்பையே மறைத்தது. சிந்தாமல் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு போவான்.

பிறகு சிறுநீர் சுத்தமாக நின்றுவிட்டது. அதையும் சூடு தணிந்துவிட்டது என்றே எடுத்துக்கொண்டார்கள். முகம் ஊதி, வாந்தி எடுத்து, பேச்சுக் குழற ஆரம்பித்த பிறகுதான் வேன் பிடித்து விழுப்புரத்துக்குக் கொண்டுபோனார்கள். வேனில் ஏற்றும்போது அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "ண்ணா, கால் சரியாயிடுச்சின்னு அந்த ஊட்டுக்குச் சொல்லி அனுப்பு." அன்றைக்குச் சாயங்காலமே நெஞ்சுத் துடிப்பு நின்றுவிட்டது. கிட்னி ஃபெயிலியர் என்றார்கள். ஏன் கிட்னி கெட்டது என்று அவர்களுக்கும் சொல்லத் தெரியவில்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும் என்று துக்கத்துக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். காப்புக் கட்டிய நாளில் ஏதோ தீட்டு என்று சிலர் காரணம் கண்டுபிடித்தார்கள். அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிய பெண்களில் ஒருத்தி அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வாசல்படி ஏறவே இல்லை.

நான் வளர்ந்து படித்து அறிவியல் டீச்சரானேன். செல் சுவாசம் பத்தாம் வகுப்பில் ஒவ்வொரு வருஷமும் வருகிற பாடம். மூச்சு என்பது மூக்கோடும் நெஞ்சோடும் முடிந்துபோகிற காரியம் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். இல்லை, இழுக்கிற காற்று போய்ச் சேருகிற இடம் செல், நிஜமான சுவாசம் அங்கேதான் என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுவேன். ஓட ஆரம்பித்ததும் தசை முதலில் கையிருப்பில் இருக்கிற கொஞ்சம் சக்தியைச் செலவழிக்கும். அது சில மூச்சுக்குள் தீர்ந்துவிடும். உடனே தசை தனக்குள்ளேயே சேமித்து வைத்திருக்கிற கிளைக்கோஜன் என்ற சர்க்கரையை உடைக்கும். ஆக்சிஜன் வந்து சேருவதற்குள் அவசரமாக உடைப்பதால் லாக்டிக் அமிலம் சேரும், கால் எரியும். அதற்குள் இதயம் வேகமெடுத்து, ரத்தம் ஆக்சிஜனையும் சர்க்கரையையும் கொழுப்பையும் கொண்டுவந்து கொட்டும். மைட்டோகாண்ட்ரியாவில் அவை நிதானமாக எரிந்து, நிறையச் சக்தி கிடைக்கும். பிள்ளைகளை மைதானத்தில் ஒரு சுற்று ஓடவிட்டு, எங்கே எரிகிறது என்று கேட்பேன். தொடையைத் தட்டிக் காட்டிச் சிரிப்பார்கள். இத்தனை வருஷம் இந்தப் பாடத்தை எடுத்தும், அத்தையின் ஞாபகம் எனக்கு அதில் வந்ததில்லை. கிட்னியில் செத்தவள் என்றுதான் வீட்டில் எல்லோருக்கும் கணக்கு.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் குடும்பத்தில் பெண்ணை வெளியே கொடுப்பதில்லை. என் தாத்தா தன் அக்கா மகளையே கட்டியவர். அத்தையை மட்டும்தான் அந்நியத்தில் கொடுத்தார்கள். தாயில்லாத அவள் மகன் எங்கள் வீட்டிலேயே வளர்ந்தான். முறைப்பையன், குணமானவன், மின்வாரியத்தில் வேலையும் கிடைத்துவிட்டது. அவனைவிட்டு எனக்கு வேறு யாரைப் பார்ப்பார்கள்? எனக்கும் அவரைத் தவிர வேறு யாரையும் பிடித்திருக்கவில்லை என்பதே உண்மை. நிலம் வெளியே போகக்கூடாது, உறவு வெளியே போகக்கூடாது என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்காத்த குடும்பம். ரத்தத்தில் இருந்ததும் வெளியே போகவில்லை.

படிக்கட்டில் நடந்ததற்கு அடுத்த வாரமே மகளின் பள்ளியிலிருந்து உடற்கல்வி டீச்சர் போன் செய்தார். விளையாட்டு விழாவுக்கு ஒத்திகை நடக்கிற சமயம். "எடுத்த எடுப்புலயே நின்னுடறா மேடம். கால் புடிச்சிக்கிச்சின்றா. கொஞ்ச நேரம் கழிச்சுப் பார்த்தா எல்லாரையும் தாண்டி ஓடறா. ஒடம்புல ஒண்ணும் இல்ல, சோம்பேறித்தனம்தான். வலிச்சாத்தான் ஒடம்பு ஏறும். நான் கொஞ்சம் முடுக்கி விடறேன்." முடுக்க வேண்டாம் என்று நான் கத்தியது ஸ்டாஃப் ரூமில் இருந்தவர்களையெல்லாம் திரும்பிப் பார்க்க வைத்தது. அப்போதே லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை பஸ்ஸில் வந்த வழியெல்லாம், மண்ணில் கோடு கிழித்துக்கொண்டு போன இரண்டு பாதங்களைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண். மகளின் கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, முடிந்த மட்டும் பிசையச் சொன்னார். கொஞ்ச நேரத்திலேயே அவள் விரல்கள் மடங்கி நின்றுவிட்டன, பந்தை விரல் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அந்த விரல்களை நான் மல்லாட்டைக் கொல்லையில் பார்த்திருக்கிறேன். விட்டு விட்டு ரத்தம் எடுத்தார்கள். மற்றவர்களுக்கு இப்படிப் பிசைந்தால் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறும், இவளுக்கு ஏறவே இல்லை என்றார் டாக்டர். கிளைக்கோஜனை உடைக்கிற நொதி இவள் தசையில் இல்லை. அரிசி நிறைந்த குதிர் வீட்டிலேயே இருக்கிறது, ஆனால் அதன் வாய் திறக்காது. பக்கத்து வீட்டிலிருந்து அரிசி வந்து சேரும் வரை பசியோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். உட்கார்ந்தால், ரத்தம் வேண்டியதைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். அப்புறம் யாரைவிடவும் நன்றாக நடப்பாள். உட்கார விடாமல் ஓட்டினால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. டாக்டரே சொன்னார். தசை சுருங்குவதற்கு மட்டுமல்ல, தளர்வதற்கும் சக்தி வேண்டும். அது இல்லையென்றால் சுருங்கினது சுருங்கினபடியே நிற்கும். செத்த உடம்பு விறைப்பதும் அதனால்தான். இது எனக்குத் தெரிந்த பாடம். உயிரோடு இருக்கிற ஒரு பெண்ணின் காலில் அது நடக்கும் என்றுதான் தெரியாது. மேலும் ஓட்டினால் தசை உடையும், அதில் இருப்பதெல்லாம் ரத்தத்தில் கலந்து கிட்னியை அடைக்கும்.

"உங்க குடும்பத்துல யாருக்காவது யூரின் கறுப்பா போயிருக்கா?" என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்கு முன் என் கணவர், "எங்கம்மாவுக்கு" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த நாட்களைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. எல்லாவற்றையும் சொன்னார், இளநீர் உட்பட. டாக்டர் எழுதிக்கொண்டே, கிட்னி வேலை செய்யாதபோது இளநீர் கொடுத்திருக்கக் கூடாது, அதில் பொட்டாசியம் அதிகம், இதயத்தை நிறுத்திவிடும் என்றார். அதைக் குடிக்கக் கொடுத்த கை யாருடையது என்று அவருக்குத் தெரியாது. என் கணவர் மெல்ல எழுந்து வெளியே போனார். அவர் இளநீர் குடிப்பதில்லை. சளி பிடிக்கும் என்பார். நானும் அப்படித்தான் என்று நம்பியிருந்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் மகள் ஜன்னலில் சாய்ந்து தூங்கியபின், "நீங்க குடுத்ததால ஒண்ணும் அவங்க சாகல" என்றேன். "தெரியும்" என்றார். கொஞ்ச தூரம் போனபிறகு, "ஆனா சொம்பு என் கையிலதான இருந்துச்சு" என்றார்.

இதற்கு மருந்து கிடையாது. மெதுவாக ஆரம்பிக்க வேண்டும், கால் பிடித்தால் உட்கார வேண்டும், வேலைக்கு முன் சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வேண்டும், யாரும் அவசரப்படுத்தக்கூடாது. எழுதிப் பார்த்தால் சின்ன விஷயங்கள்தான். ஆனால் இந்த உலகத்தில் எல்லோரும் நல்ல எண்ணத்தோடு, எழுந்திரு, ஓடு என்றுதான் சொல்கிறார்கள். எத்தனை பேரைத் தடுப்பேன்? கிளம்பும் ரயில், பின்னால் துரத்தும் நாய், தோழிகளோடு பந்தயம், எது எந்த ரூபத்தில் வரும் என்று தெரியாது. தினமும் காலையில் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று, "என்ன நிறம்?" என்று கேட்கிறேன். உள்ளே இருந்து, "மஞ்சள்மா, போம்மா" என்று எரிச்சலோடு பதில் வரும். அந்தப் பதில் வருவதற்குள் ஒரு நிமிஷம் என் உயிர் என்னிடம் இருப்பதில்லை.

இந்த வருஷம் ஊரில் தீமிதி. பங்காளி முறையில் ஒரு பெரியப்பா வீடு தேடி வந்து பத்திரிகை கொடுத்தார். மகளுக்கு இருப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறார். "கொழந்தைக்குக் காப்பு கட்டுங்க. ஆத்தா பாத்துக்குவா" என்றார். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன், நின்றிருந்தால் வயதுக்கு மரியாதை இல்லாமல் ஏதாவது சொல்லியிருப்பேன். என் கணவர்தான், "பாக்க வர்றோம்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று சண்டை போட்டேன். "அம்மாவுக்கு அப்பறம் நான் தீமிதிக்குப் போனதே இல்ல. ஒருவாட்டி போவணும்" என்றார்.

திருவிழாக் கூட்டத்துக்காக வண்டிகளைக் கூட்டேரிப்பட்டுக் கூட்ரோட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். நடந்தோம். சாலையை அகலப்படுத்தியதில் மைல்கல் போய்விட்டிருந்தது. அந்த இடத்தில் மதகு கட்டி, இடுப்பளவுக்குச் சிமென்ட் சுவர் வைத்திருக்கிறார்கள். சொல்லி வைத்தாற்போல அங்கே வந்ததும் மகள் காலைப் பிடித்துக்கொண்டு அந்தச் சுவரில் உட்கார்ந்தாள். அவளுக்கு அந்த இடத்தின் கதை தெரியாது, நாங்கள் சொல்லவில்லை. அதே நேரம் குளத்தில் பம்பை அடிக்க ஆரம்பித்தது. பூங்கரகம் கரையேறியது. மஞ்சள் சேலைகள், ஈரத் தலைகள், வேப்பிலை. தரை அதிர்ந்தது. ஓடிவந்த பெண்களில் ஒருத்தி, நாற்பது வயதிருக்கும், நல்ல முகம், எங்கள் பக்கம் கை நீட்டி, "யேய் பாப்பா, ஆத்தா வர்ற வழியில குந்திக்கினு இருக்கலாமா? எழுந்திரு, எழுந்திரு, ஓடியா!" என்று என் மகளின் தோளைப் பிடித்தாள்.

என் கணவர் அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டார். வெள்ளை வேட்டியோடு, ஊர் பார்க்க, மகளின் காலடியில் சாலையிலேயே குந்தினார். அவளுடைய வலது காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "அவ குந்தட்டும்மா. நீங்க முன்ன போங்க" என்றார்.

அத்தையையும் மகளையும் தவிர எங்கள் வீட்டில் கேலியாக அல்லாமல் யாரும் அந்தப் பேச்சைச் சொன்னதில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. நிற்கவும் நேரமில்லை, பின்னால் வந்த கூட்டம் அவளைத் தள்ளிக்கொண்டு போனது. ஓட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. அவர் தலையைக் குனிந்து மகளின் ஆடுதசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தோள் குலுங்கியது. மகள் பயந்துபோய், "ப்பா, வலி போயிடுச்சுப்பா" என்றாள். போகவில்லை என்று எனக்குத் தெரியும், முகம் காட்டிக்கொடுத்தது. "வலி போன பிறகு எழுந்தா போதும்" என்றேன். மூன்று பேரும் அந்தக் கல் இருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தோம். கோயில் பக்கம் குலவைச் சத்தம் கேட்டது. குண்டத்தின் புகை மரங்களுக்கு மேலே எழுந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மகள் தானாக எழுந்தாள். காலை உதறிப் பார்த்தாள். நடக்க ஆரம்பித்தவள் போகப் போக வேகமெடுத்தாள். முன்னால் போய்க்கொண்டிருந்த குடும்பங்களை ஒவ்வொன்றாகத் தாண்டினாள். அத்தையின் நடை, அதே வீச்சு. "மெதுவா போ!" என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினோம். திரும்பிச் சிரித்துவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டாள். புகைக்கு நடுவே அவளுடைய ரிப்பன் கொஞ்சம் தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை. நாங்கள் ஓட ஆரம்பித்தோம். நாளைக் காலையிலும் அந்தக் கதவுக்கு வெளியே நின்று நான் நிறம் கேட்க வேண்டும்.